70 லட்ச ரூபாய் எஸ்.யூ.வி.: கொட்டேஷனில் எந்த இடத்தில் பேரம் பேசலாம்?

நீடாமங்கலத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் அப்பா காலத்திலிருந்து அரிசி ஆலை நடத்தி வருகிறோம். பதினொரு ஆண்டுகளாக உழைத்த இன்னோவாவை மாற்றிவிட்டு, சொகுசு எஸ்.யூ.வி. ஒன்றை வாங்குவது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. அப்பாவுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்திருப்பதால், மாதம் இரண்டு முறை தஞ்சாவூருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சென்னைக்கும் அவரை அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. உட்கார்ந்தால் இடுப்பு நோகாத இருக்கையும் பள்ளத்தில் இறங்கினால் தூக்கிப் போடாத சஸ்பென்ஷனும் வேண்டும் என்பதுதான் தேவை. கண்ணாடிக் கூரை, பதினெட்டு ஸ்பீக்கர் எல்லாம் மகனுடைய ஆசை.

எந்த வண்டி என்பதை முடிவு செய்துவிட்டோம். என் ஐயம் வண்டியைப் பற்றியது அல்ல, விலையைப் பற்றியது; அதனால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. சென்னை ஷோரூமிலிருந்து வந்த கொட்டேஷனை உள்ளது உள்ளபடி தருகிறேன். எக்ஸ்-ஷோரூம் விலை (சாலை வரியும் காப்பீடும் சேராத விலை) 70,00,000 ரூபாய், சாலை வரி 14,00,000, டி.சி.எஸ். (விற்பவர் வசூலித்துக் கட்டும் வருமான வரி) 70,000, காப்பீடு 3,10,000, அக்சஸரீஸ் 1,45,000, ஹேண்ட்லிங் 35,000, பதிவுச் செலவு 25,000. ஆக எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலை 89,85,000 ரூபாய். இதில் எனக்காக மேலாளரிடம் போராடி 2 லட்சம் தள்ளுபடி வாங்கியிருப்பதாகவும், டிசம்பர் 31-க்குள் பில் போட்டால்தான் அது கிடைக்கும் என்றும், ஜனவரியில் விலை ஏறிவிடும் என்றும் விற்பனைப் பிரதிநிதி தினமும் இரண்டு வேளை தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு நெல் வாங்கத் தெரியும். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினால் ஈரம் எவ்வளவு, கருக்காய் எவ்வளவு, அரைத்தால் எவ்வளவு தேறும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவேன். இந்தக் காகிதத்தில் எது மணி, எது பதர் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மார்கழியில் வண்டி எடுக்கக் கூடாது என்று அம்மா வேறு உறுதியாக இருக்கிறார். பழைய இன்னோவாவுக்கு 6 லட்சமும், எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று 50,000 ரூபாயும் தருவதாகச் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

ஐயா, வணக்கம். சென்னையிலும் கோவையிலும் சொகுசுக் கார் ஷோரூம்களின் விற்பனைப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்த ஊரில் குடும்பத்தின் பாத்திரக் கடையைக் கவனித்துக்கொள்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஆன்-ரோடு தொகையை வைத்து ஒருபோதும் பேரம் பேசாதீர்கள். 89.85 லட்சத்தைக் காட்டி “எவ்வளவு குறைப்பீர்கள்?” என்று கேட்டால், ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் எடுத்துக்கொள்ள எங்களுக்கு ஏழு இடங்கள் இருந்தன. நீங்கள் நெல்லுக்குச் செய்வதைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று தனியாகப் பார்க்கிறார்களே, அதுபோல ஒவ்வொரு இனத்தையும் தனித்தனியே எடுத்துப் பாருங்கள்.

முதலில் அரசுக்குப் போவது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கும் எஸ்.யூ.வி.க்களுக்கும் ஜி.எஸ்.டி. 40 சதவீதம், அதற்கு முன்பு எஸ்.யூ.வி.க்களுக்கு 28 சதவீத வரியும் 22 சதவீத இழப்பீட்டு செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதமாக இருந்தது. உங்கள் 70 லட்சத்தில் வண்டியின் அடிப்படை விலை 50 லட்சம், வரி 20 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுட்கால சாலை வரி 20 சதவீதம் என்பதால் 14 லட்சம் அதற்குப் போகிறது. இந்த 34 லட்சத்தில் ஷோரூம் முதலாளி ஒரு ரூபாயைக்கூடத் தன் விருப்பப்படி விட்டுத்தர முடியாது. ஆகவே 90 லட்சத்துக்குப் பேரம் பேசுகிறோம் என்ற மயக்கம் முதலில் தெளிய வேண்டும். பேரம் நடப்பது அந்த 50 லட்சத்துக்கு உள்ளேயும், கடைசி நான்கு இனங்களிலும் மட்டும்தான்.

அடுத்ததை என்னிடம் வந்த வாடிக்கையாளர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூடக் கேட்டதில்லை. தள்ளுபடியைப் பில்லிலேயே கழிக்கச் சொல்லுங்கள். எக்ஸ்-ஷோரூம் விலையில் 2,80,000 ரூபாய் குறைத்து 67,20,000 ரூபாய்க்குப் பில் போட்டால், அடிப்படை விலை 48 லட்சமாகவும் வரி 19.20 லட்சமாகவும் ஆகிவிடும். உங்களுக்குக் குறைவது 2.80 லட்சம், விற்பவருக்குக் கையை விட்டுப் போவது 2 லட்சம்தான், மீதி 80,000 அரசுக்குப் போகாமல் நின்ற வரி. அதே 2.80 லட்சத்துக்கு “இலவசமாக” அக்சஸரீஸ் தருகிறோம் என்றால், அந்தப் பொருள்களில் ஷோரூமுக்கு இருக்கும் லாபம் அப்படியே அவர்களிடம் தங்கிவிடுகிறது. இலவசம் என்ற சொல்லில் மயங்காதவர்களிடம் நாங்கள் சற்று எச்சரிக்கையாகத்தான் இருப்போம்.

ஹேண்ட்லிங் என்பது அரசுக் கட்டணம் அல்ல. வண்டியைக் கிடங்கிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவருவது விற்பவருடைய வேலை. அதற்குத் தனியாகப் பணம் கேட்பது, மூட்டையை இறக்கிவைத்த கூலியை அரிசி வாங்க வந்தவரிடம் கேட்பது போன்றது. அதை எடுத்துவிட்டுப் புதிய கொட்டேஷன் அனுப்புங்கள் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். வாய்ப்பேச்சில் வாதாட வேண்டாம். பதிவுச் செலவு 25,000 ரூபாய் என்பதும் அப்படித்தான். சொந்த உபயோகக் காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய். கடன் இருந்தால் அதைப் பதிவு செய்ய 1,500 ரூபாய். இவற்றுக்கு மேல் சில்லறைக் கட்டணங்கள் உண்டு. அரசு ரசீதில் உள்ள தொகையை மட்டும் தருவேன் என்று சொல்லிவிடுங்கள்.

இனி எவ்வளவு குறையும் என்ற கேள்வி. அதை வண்டியின் வயது தீர்மானிக்கிறது. முதலாளி பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் ஸ்டாக் வைத்திருப்பார். ஒரு வண்டி ஷெட்டில் நிற்கும் ஒவ்வொரு மாதமும் அவருக்கு வட்டி ஏறுகிறது. ஆகவே உங்களுக்கு ஒதுக்கப்போகும் வண்டியின் சேசிஸ் எண்ணையும் அது தயாரான மாதத்தையும் புக்கிங்குக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சாகும் என்பதால் அதை எவராலும் மறைக்க முடியாது. போன மாதம் தயாரான, எல்லோரும் விரும்பும் நிறத்து வண்டிக்கு அவர்கள் இறங்கி வர மாட்டார்கள். ஐந்தாறு மாதமாக ஷெட்டில் நிற்கும் வண்டியென்றால், அவர்கள் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். ஜனவரி பிறந்தால் அது ‘போன ஆண்டு வண்டி’ ஆகிவிடும். உங்களுக்கு வரும் தினசரித் தொலைபேசி அழைப்புகளுக்குக் காரணம் உங்கள் மீதுள்ள அக்கறை மட்டும் அல்ல. நீங்களும் அதை மறக்க வேண்டாம்: மறுவிற்பனையில் அந்த ஓராண்டு வித்தியாசம் உங்கள் தலையில்தான் விழும், அதற்கான ஈட்டை இப்போதே வாங்கிவிட வேண்டும்.

அம்மாவின் மார்கழித் தடை உங்களுக்குச் சாதகமானது. டிசம்பரின் கடைசி இரண்டு வாரமும் மார்கழியும் ஒன்றாக வருவதால், நம் ஊர்ப் பக்கத்து வாடிக்கையாளர்கள் “தை பிறக்கட்டும்” என்று ஒதுங்கிவிடுவார்கள். ஷோரூமுக்கோ ஆண்டுக் கணக்கு முடிய வேண்டும். ஆடியிலும் இப்படி ஒரு தொய்வு வரும் என்றாலும், ஆண்டுக் கடைசி என்ற நெருக்கடி அப்போது இருக்காது. டிசம்பரிலேயே பில்லும் பதிவும் முடித்துக்கொள்ளுங்கள், தை மாதம் நல்ல நாளில் டெலிவரி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். காப்பீட்டிலும் வாரண்டியிலும் இரண்டு மூன்று வாரம் வீணாகும். அதைச் சொல்லியே இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம்.

சென்னை ஒன்றோடு நின்றுவிடாமல் கோவையிலும் ஒரு கொட்டேஷன் வாங்குங்கள். தமிழ்நாட்டுக்குள் எங்கே வாங்கினாலும், உங்கள் முகவரிக்கு உரிய அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள முடியும். டெமோ காரைக் காட்டி ஆசை காட்டினால், அது ஷோரூமின் பெயரில் ஏற்கெனவே பதிவானது என்பதையும் நீங்கள் இரண்டாவது உரிமையாளர் ஆவீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.


வெண்ணாறு (தஞ்சாவூர்)

தம்பி, வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேலே எழுதியவர் விலையைப் பிரித்துக் காட்டிவிட்டார். நான் பணம் கொடுக்கும் வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டி.சி.எஸ். 70,000 ரூபாயைச் செலவாக எண்ண வேண்டாம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட மோட்டார் வாகனத்தை விற்பவர் 1 சதவீதம் வசூலித்து உங்கள் பான் எண்ணில் வருமான வரித் துறைக்குச் செலுத்த வேண்டும் என்பது 2016 ஜூன் முதல் உள்ள ஏற்பாடு. அது உங்கள் வருமான வரிக் கணக்கு விவரத்தில் வரவாகத் தெரியும். கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லையென்றால் திரும்பப் பெறலாம். விவசாய வருமானம் மட்டுமே உள்ளவர்கள் கணக்கே தாக்கல் செய்யாமல் இந்தப் பணத்தை விட்டுவிடுவதை நம் பகுதியில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அறுவடைப் பணம் கையில் இருக்கிறது, ரொக்கமாகத் தந்தால் இன்னும் குறைப்பார்களா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் ஆகலாம். முன்பணத்தைக்கூடக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ நிறுவனத்தின் கணக்குக்கே அனுப்புங்கள், விற்பனைப் பிரதிநிதியின் சொந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டாம். புக்கிங்கை ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் ரசீதில் இருக்கட்டும்.

கடன் வாங்குவதாக இருந்தால், ஷோரூமில் காட்டும் வங்கியையே பிடித்துக்கொள்ளாதீர்கள். கடன் ஏற்பாடு செய்து தருவதற்கு ஷோரூமுக்குத் தரகு உண்டு. 50 லட்சத்தை ஐந்து ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 1,03,800 ரூபாய், 8.5 சதவீதத்தில் சுமார் 1,02,600. மாதம் 1,200 ரூபாய்தானே என்று தோன்றும். அறுபது மாதத்தில் அது 72,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது, நீங்கள் சண்டையிட்டு நீக்கப்போகும் ஹேண்ட்லிங் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு. ‘பிளாட் ரேட்’ (முழு அசலுக்கும் கடைசிவரை வட்டி போடும் முறை) என்று ஒரு வட்டியைச் சொன்னால், அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் அது எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆலையின் பெயரில் வாங்கினால் ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். 13 பேர் வரை உட்காரும் பயணிகள் வாகனத்துக்கு, கார் விற்பவர், வாடகைக்கு ஓட்டுபவர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி போன்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்த உள்ளீட்டு வரி வரவு கிடையாது. தேய்மானம் 15 சதவீதம் எழுதிக்கொள்ளலாம், ஆனால் டிசம்பரில் வாங்கினால் மார்ச் முடிய 180 நாள் ஆகாது என்பதால் முதல் ஆண்டில் அதில் பாதிதான். உங்கள் ஆடிட்டரைக் கேட்டுவிட்டு எந்தப் பெயரில் வாங்குவது என்று முடிவு செய்யுங்கள்.


நீடாமங்கலத்தான்

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று சேசிஸ் எண்ணைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். நாளுக்கு இரண்டு முறை அழைத்தவர் நேற்று முழுவதும் அழைக்கவில்லை. இன்று காலையில் பதில் வந்தது: வண்டி ஜூன் மாதத்தில் தயாரானது.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. 3,10,000 ரூபாய் காப்பீடு சரியான தொகைதானா? மேலும், என் நண்பர் ஒருவர், காரைக்காலில் இருக்கும் சித்தப்பா வீட்டு முகவரியைக் காட்டிப் புதுச்சேரிப் பதிவு எண் வாங்கிவிட்டால் சாலை வரியிலேயே பல லட்சம் மிச்சமாகும், பேரமே தேவையில்லை என்கிறார். இங்கிருந்து காரைக்கால் அருகில்தான் இருக்கிறது. அதில் சிக்கல் ஏதும் உண்டா?


பேரளம் சந்திப்பு

அண்ணா, பெட்ரோல் போடக் காரைக்கால் போவது வேறு, ஆர்.சி. வாங்கப் போவது வேறு. நாங்கள் எல்லையிலேயே இருக்கிறோம், எந்த வீட்டு வாசலில் காரைக்காலின் பி.ஒய். 02 எண் வண்டி நிரந்தரமாக நிற்கிறது என்று தெருவுக்கே தெரியும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவு எண் வாங்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. அப்போது தமிழ்நாட்டு வரியையும் கட்ட வேண்டும். குடியிருக்காத வீட்டைக் குடியிருப்பதாகக் காட்டுவது அதைவிடப் பெரிய வில்லங்கம். 2017-இல் கேரளத்தில் சொகுசுக் கார் வைத்திருந்த பெரிய மனிதர்கள் சிலர் இதே புதுச்சேரி முகவரி விவகாரத்தில் போலீஸ் வழக்கு வரை இழுக்கப்பட்டதைச் செய்திகளில் எல்லோரும் படித்தோம். சித்தப்பாவையும் சேர்த்து அலைய விட வேண்டாம்.


கோரையாறு (காப்பீட்டு சர்வேயர்)

காப்பீட்டைப் பற்றி நான் எழுதுகிறேன். ஷோரூமில்தான் பாலிசி எடுக்க வேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்த முடியாது. வாகன விற்பனையாளர்கள் காப்பீடு விற்பதற்கான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) வழிகாட்டு விதிகள் 2017 முதல் நடைமுறையில் இருக்கின்றன. “வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் (நாம் பணம் கட்டாமல், காப்பீட்டு நிறுவனமே பழுதுச் செலவைக் கட்டும் வசதி) கிடைக்காது” என்பார்கள். எந்த நிறுவனத்தின் பாலிசிக்கு அந்த சர்வீஸ் மையத்தில் கேஷ்லெஸ் உண்டு என்ற பட்டியலைக் கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் விரும்பும் நிறுவனமும் அதில் இருக்கும்.

புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும், 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு அது 24,596 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அந்தத் தொகை எந்த நிறுவனத்திலும் ஒன்றுதான். விலை மாறுவது சொந்தச் சேதப் பகுதியிலும் கூடுதல் பாதுகாப்புகளிலும். அங்கேதான் நீங்கள் ஐ.டி.வி.யை (வண்டிக்குக் காப்பீடு தரும் அதிகபட்ச மதிப்பை) பார்க்க வேண்டும். புதிய வண்டிக்கு அது எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம் இருக்க வேண்டும், அதாவது உங்களுக்கு 66.5 லட்சம். சிலர் பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட ஐ.டி.வி.யைக் குறைத்துவிடுவார்கள், வண்டி முழுச் சேதமானாலோ திருடு போனாலோ நிவாரணமும் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே இரண்டு கொட்டேஷன்களை ஒப்பிடும்போது ஐ.டி.வி.யும் கூடுதல் பாதுகாப்புகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்களிடம் ஏற்கெனவே 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தால், அதை இந்தப் பாலிசியில் மறுபடியும் வாங்கத் தேவையில்லை.

ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் உதிரிபாக விலையைத் தரும் கூடுதல் பாதுகாப்பு) அவசியம். இந்த வகை வண்டியில் ஒரு ஹெட்லைட்டின் விலையே நம் ஊரில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் விலையைத் தாண்டும். ஆனால் டெல்டாவில் இருப்பவர்களுக்கு நான் அதைவிட வலியுறுத்துவது என்ஜின் பாதுகாப்பு. ஒரு ஐப்பசி மழையில், வாய்க்கால் உடைந்து சாலையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிய இடத்தில் நின்றுபோன ஒரு சொகுசு வண்டியைப் பார்வையிடப் போனேன். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே வண்டல் படிந்து, வடிகட்டியின் மடிப்புகளில் கோரைப்புல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. வண்டி நின்றதும் அப்படியே விட்டிருந்தால் கழுவித் துடைத்திருக்கலாம். ஓட்டுநர் நான்கு முறை ஸ்டார்ட் செய்து பார்த்ததில் தண்ணீர் சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டு, கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. சாதாரணப் பாலிசி அதை விபத்தாக ஏற்காது. என்ஜின் பாதுகாப்புக்கு அவர் கொடுக்காமல் மிச்சப்படுத்திய தொகை சில ஆயிரம்.

பக்கத்தில் அரிசி ஆலை என்கிறீர்கள். எலி கடித்த ஒயரிங்கை அந்தப் பாலிசி ஏற்குமா என்பதையும் விதிகளில் தேடிப் பாருங்கள். இதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை.


பெரியகோயில் நிழல் (தஞ்சாவூர்)

நான் மருத்துவர். மேலே சொன்னவற்றில் ஒரு திருத்தம் வேண்டும். எல்லாச் சொகுசு நிறுவனங்களிலும் இந்தப் பேரம் ஒரே மாதிரி நடக்காது. மெர்சிடிஸ்-பென்ஸ் 2021 அக்டோபர் முதல் இந்தியாவில் நேரடி விற்பனை முறைக்கு மாறிவிட்டது. ஸ்டாக் நிறுவனத்துடையது, பில்லும் நிறுவனமே போடுகிறது, நாடு முழுவதும் ஒரே விலை, ஷோரூமுக்குத் தரகு மட்டும். அங்கே சென்னையையும் கோவையையும் மோதவிட்டுப் பயனில்லை. நிறுவனமே அறிவிக்கும் சலுகைகளும் பழைய வண்டியின் மதிப்பும்தான் பேச்சுக்கு உரியவை. மற்ற நிறுவனங்களில் முதலாளிக்குக் கூடுதல் சுதந்திரம் உண்டு.

இன்னொன்று. கடைசி ஐம்பதாயிரத்துக்காக மல்லுக்கட்டுவதைவிட, சர்வீஸ் பேக்கேஜையும் எக்ஸ்டெண்டெட் வாரண்டியையும் விலையோடு சேர்த்துக் கேட்பது நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு நல்லது. நான் ஏழு ஆண்டுக்கு முன்பு ஒரு வண்டியை நன்றாகப் பேரம் பேசி வாங்கியதாக மகிழ்ந்திருந்தேன். இரண்டாவது ஆண்டில் திருக்காட்டுப்பள்ளிச் சாலையில் இரவு பத்து மணிக்கு டயர் கிழிந்தது. அந்த வண்டியில் ஸ்டெப்னி இல்லை, காற்று இறங்கினாலும் ஓடும் வகை டயர் என்று பெருமையாகச் சொல்லி விற்றிருந்தார்கள்; பக்கவாட்டில் கிழிந்த டயர் எந்த வகையானாலும் ஓடாது. உதவி வண்டி மறுநாள் மதியம் வந்தது, அந்த அளவு டயர் வர நான்கு நாள் ஆயிற்று. ஆகவே சாலையோர உதவி எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம், சர்வீஸுக்கு வண்டியை வீட்டிலிருந்து எடுத்துப் போவார்களா, ஸ்டெப்னி உண்டா என்பதையெல்லாம் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதித் தராததை அவர்கள் தருவதில்லை.


அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

மருத்துவர் ஐயா சொன்ன திருத்தம் சரியானது. நான் வேலையை விட்ட காலத்தில்தான் அந்த முறை வந்தது, எழுதும்போது மறந்துவிட்டேன். ஆனால் ஜூன் மாத வண்டி என்று தெரிந்த பிறகும் சர்வீஸ் பேக்கேஜோடு திருப்தியடைவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலில் பில் விலை இறங்கட்டும். பேக்கேஜைக் கடைசியில், காசோலையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு கேட்கலாம். அந்த நேரத்தில் மேலாளர் மறுக்க மாட்டார், நான் மறுத்ததில்லை. ஆறு மாதம் நின்ற வண்டி என்பதால், எடுப்பதற்கு முன்பு பேட்டரி, டயரின் தயாரிப்பு வாரம், ஓடிய கிலோமீட்டர், பெயின்ட் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.


நீடாமங்கலத்தான்

தை பிறந்துவிட்டது, கடமைப்பட்ட நான் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

கோவையிலிருந்து வாங்கிய கொட்டேஷனையும் ஜூன் மாத விவரத்தையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்துச் சென்னைக்கு அனுப்பி, எனக்கு வேண்டிய பில் விலையையும் எழுதினேன். மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் மேலாளரே அழைத்தார். டிசம்பர் 29 அன்று 65,80,000 ரூபாய்க்குப் பில் ஆனது. பில்லிலேயே 4,20,000 குறைந்தது. டி.சி.எஸ். 65,800. காப்பீட்டை வெளியே, முழு ஐ.டி.வி.யோடும் என்ஜின் பாதுகாப்போடும் 2,15,000 ரூபாய்க்கு எடுத்தேன். அக்சஸரீஸில் மிதியடிகளையும் பின்பக்கத் தட்டையும் மட்டும் 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஹேண்ட்லிங் தானாகவே காகிதத்திலிருந்து காணாமல் போயிற்று, அதைப் பற்றி இருவருமே பேசவில்லை. சாலை வரியும் பதிவுக் கட்டணமும் நீங்கலாக 68,82,800 ரூபாய். அவர்கள் முதலில் தந்த கணக்கில், 2 லட்சம் தள்ளுபடிக்குப் பிறகும், இதே இனங்கள் 73,60,000 ஆகியிருந்தன.

இன்னோவாவை மன்னார்குடியில் தெரிந்தவர் 7,40,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார், ஆர்.சி.யை அவர் பெயருக்கு மாற்றிய பிறகே சாவியைக் கொடுத்தேன். சர்வீஸ் பேக்கேஜைப் பொறுத்தவரை மேலாளர் பாதி விலைக்குத்தான் இறங்கினார். அரசலாற்றங்கரை ஐயா அங்கே இருந்திருந்தால் முழுவதும் கிடைத்திருக்கலாம். டெலிவரி அன்று சென்னைக்குப் போனபோது டயரின் தயாரிப்பு வாரத்தைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தேன். அம்மா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கக் காத்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் இரண்டும் ஒரே வாரம், பின்பக்கம் இரண்டும் வேறு வாரம். இதில் தவறு ஏதும் உண்டா என்று மட்டும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

தவறு இல்லை ஐயா. தொழிற்சாலைக்கு டயர்கள் பல தொகுதிகளாக வரும். நான்கும் ஒரே அளவு, ஒரே தயாரிப்பாக இருந்து, வண்டி தயாரான மாதத்துக்கு முந்தைய வாரங்களாக இருந்தால் போதும். ஜூனுக்குப் பிந்தைய வாரம் ஏதாவது ஒன்றில் இருந்தால் மட்டும் எழுதுங்கள், அது ஷோரூமில் மாற்றப்பட்ட டயர்.